நிலக்கீழ் மூன்றாம் தளம்

நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்,
ஒவ்வொன்றையும் நானூறு மீற்றர்.
ஹோட்டல் வாசலில் இருந்து
நிலக்கீழ் மூன்றாம் தளம் வரை.
விடிந்ததும் திரும்ப மேலே.
மொந்த்ரோவில் ஏழு வருட இரவு வேலை.
எதிலும் மூன்றாவது கியரைக் கண்டதில்லை.

நேற்று வந்தவை மூன்று.

மதாம் செரன்வில்லின் மின்சாரக் கார்.
கிட்டப் போனால் கைபிடி தானாக வெளியே நீளும்,
கை குலுக்க வருவது போல.
ஏறி உட்கார்ந்ததும் திரை சொல்லும்:
பணியாளர் ஓட்டுகிறார்,
டாஷ்போர்ட் பெட்டி பூட்டப்பட்டது,
வேகம் குறைக்கப்பட்டது.
இதைச் சொல்ல மனிதர்கள்
கொஞ்சமாவது தயங்குவார்கள்.
சரிவில் சத்தமே இல்லை.
ரயரில் மாட்டிய ஒரு சின்னக் கல் மட்டும்
டிக் டிக் என்று
கடைசி வளைவு வரை என்னோடு கதைத்தது.

அடுத்தது ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஹேர் எபர்வைன்.
அவருடையதில் பற்றரியும் உண்டு, பெற்றோலும் உண்டு.
வரி குறையும் என்று கம்பனி வாங்கிக் கொடுத்தது.
பெட்டி இறக்க டிக்கியைத் திறந்தேன்.
சார்ஜ் கேபிள் பைக்குள்,
பை பொலித்தீனுக்குள்,
தொழிற்சாலை ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல்.
ஓடியது நாற்பத்தோராயிரம் கிலோமீற்றர்.
"செருகி விடட்டுமா?" என்றேன்.
"எங்கே?" என்றார்.
கலியாணம் கட்டிய பிறகும்
தாய் வீட்டிலேயே சாப்பிடுகிறவன் மாதிரி ஒரு கார்.
லிஃப்ட்டுக்குக் கிட்ட வேண்டும் என்றார்.
லிஃப்ட்டுக்குக் கிட்ட இருப்பது
வேலை செய்யும் ஒரே சார்ஜ் இடம்.
விட்டது நான்தான்.

பிறகு பல் வைத்தியர் ருஷோனேயின் பெற்றோல் கார்.
எட்டு சிலிண்டர், பழைய கிளச்.
அது துவங்கினால் தளம் முழுவதும் இருமும்.
தீ எச்சரிக்கை மணி இரண்டு தரம் அடித்திருக்கிறது.
புகை என் கோட்டில் ஏறி வீடு வரை வரும்.
கதவைத் திறந்ததும் சுபாங்கி மணந்து பார்த்து,
"ருஷோனே வந்திட்டாரா?" என்பாள்.
ஆனாலும் ஜனவரி இரவில்
நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தும்
அதன் முன்மூடியில் சூடு இருக்கும்.
கையுறை கழற்றி
இரண்டு உள்ளங்கையையும் வைப்பேன்.

இரண்டே முக்காலுக்கு மதாம் இறங்கி வந்தார்.
இரவுடைக்கு மேல் கோட்.
பேர்னில் மகளுக்கு நோவு கண்டுவிட்டதாம்.
திரையில் ஒன்பது சதவீதம்.
குளிரில் முப்பத்தொரு கிலோமீற்றர் போகும்.
வில்நெவ்வில் வேகமாகச் சார்ஜ் செய்யலாம்,
நாற்பது நிமிடம், என்றேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதவில்லை.

எபர்வைன் தொலைபேசியை எடுக்கவில்லை.
ருஷோனே எடுத்தார்.
பைஜாமாவோடு வந்து சாவியை நீட்டி,
"இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்," என்றார்.

வெவே தாண்டி மலையேறும் நெடுஞ்சாலை.
மூன்று.
நான்கு.
கீழே ஏரி இருட்டாக விலகிப் போனது.
எனக்குள் ஒரு பொடியன் சிரித்தான்.
பக்கத்தில் ஒரு தாய் இருக்கிறாள் என்று
அவனை அடக்கினேன்.

கிறுயேர் ஏரிக்குக் கிட்ட அவருடைய போன் அடித்தது.
"என்ன? கேட்கவில்லை!
என்ன சொல்கிறாய்?"
எட்டு சிலிண்டரும் சேர்ந்து
பதில் சொல்லிக்கொண்டிருந்தன.
ஓய்விடத்தில் திருப்பி
இயந்திரத்தை நிறுத்தினேன்.

உலோகம் குளிர்ந்து சுருங்கும் சத்தம்.
பிறகு அந்தச் சின்ன ஒலிபெருக்கியில்,
கல்லுப் போல,
விட்டு விட்டு,
ஒரு அழுகை.

மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"நாற்றம் தாங்க முடியவில்லை,
கண்ணாடியை இறக்குங்கள்," என்றார்.
இறக்கினேன்.
பனி உள்ளே வந்தது.

காலை எட்டரைக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
"எப்படி?" என்று கேட்டார் ருஷோனே.
ஒப்பிட்டுச் சொல்ல எவ்வளவோ இருந்தது.
"ஐந்தாவதும் இருக்கிறது," என்றேன்.