பூச்சியம் பதினேழு

எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
கார் ஸ்டார்ட் ஆகவில்லை.
பஸ்ஸில் வந்தேன்.

போன மாதம் என்னிடமிருந்து
நாலு மணி நேரமாய் வடித்தெடுத்த வெள்ளணுக்கள்
வேறொரு நகரத்தில் பெருகி
நான் ஏறாத விமானத்தில் திரும்பியிருக்கின்றன.
உறை போட்ட பையில் என் பெயர் இல்லை,
இலக்கம்தான்.

‘இதுகள் படைவீரரோ?’
பக்கத்து நாற்காலி வால்ட்டர் கேட்கிறார்.
இல்லை என்கிறாள் தாதி ரோவீனா.
சொந்த வீட்டையே சுடுகிற வீரரிடம் போய்
‘காணும், துவக்கைக் கீழே வை’
என்று சொல்பவையாம்.

அப்படி ஒருவரும்
எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை, எண்பத்தேழில்.
வாய்வரை வந்ததை
அளந்து தந்த தண்ணீரோடு விழுங்கினேன்.

பையில் இருப்பது அணுக்களா, வெறும் உப்புநீரா
ரோவீனாவுக்கும் தெரியாது.
எழுபத்துமூன்று வயதில்
இப்படியொரு சீட்டிழுப்பு.
கிரியாட்டினின் இருநூற்றுப் பத்து.
வால்ட்டர் வாய் திறந்து தூங்குகிறார்.
சொட்டுகள் அவசரப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
மடியில் செம்மஞ்சள் கலன்:
ஒரு நாள் சிறுநீர் முழுவதும் சேர்க்க.
எதிரே இருந்த பெடியன் இரங்கிக் கேட்டான்:
‘கார் நின்றுபோச்சா? பெற்றோல் வாங்கவா?’

ஓம் மகன், என்றேன்.
நாளைக்குள் நிரம்பிவிடும்.