ஐந்து வட்டங்கள்

விடியற்காலை காட்பாடியில் இறங்கி
ஆட்டோவில் பெட்டியும் ஸ்கேன் கவருமாக வருபவர்களிடம்
நான் முதலில் கேட்பது ஆதார்.
கூடத்து டிவி கேட்பது வேறு:
யார் பார்க்கிறீர்கள்?

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒன்பது அறை.
டிவி ஒன்றுதான்,
லாங்கு பஜாரில் தவணைக்கு எடுத்தது.
ஐந்து பேருக்கு மேல் அதில் இடமில்லை.
என் வட்டம் போக நான்கு.
ஒன்பதை நான்கில் எப்படி அடக்குவது,
நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அறை எண்ணையே பெயராக வைத்தேன்,
கணக்கு நோட்டு மாதிரி சுத்தமாக இருக்குமென்று.
மூன்றாம் அறையில் நிமாய் மண்டல், மூக்கில் குழாய்.
ஐந்து வாரமும் சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்த்தார்.
கடுகெண்ணெயில் மீன் புரளும்போது
சத்தம் வைக்கச் சொல்லிக் கையை ஆட்டுவார்.
அவர் காலி செய்த மறுநாள் வந்தது
பூண்டுகூடத் தொடாத ராஞ்சிக் குடும்பம்.
மூன்றை அழுத்தினார்கள்.
“உங்களுக்குப் பிடித்தவை” என்று
வரிசையாக மீன்.
அந்த அம்மாள் பார்த்த பார்வைக்கு
நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தேன்.

அப்புறம் அவரவர் பேரிலேயே.
படத்தையும் அவர்களே எடுக்கட்டும்:
பாண்டா, ரோபோ, கண்ணாடி போட்ட ஆந்தை.
கதிர்வீச்சுக்குப் போகும் ஒரு வாத்தியார்
ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் யோசித்து
தொப்பி வைத்த பூனையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை
நவநீதம் தலையணை உறை உருவுவாள்.
நான் ரிமோட்டோடு உட்காருவேன்.
நீக்கினால் எல்லாம் அழிந்துவிடும், உறுதியா?
உறுதி. உறுதி. உறுதி.
மெத்தையை வெயிலில் போடுவது மாதிரிதான்.

சுபர்ணா தாஸை மட்டும் விட்டுவைத்தேன்.
சில்சார்க்காரி. ஆரஞ்சு நரி.
துப்பறியும் தொடர், ஆறாம் பகுதி,
இருபத்தொன்பதாவது நிமிடத்தில் சிவப்புக் கோடு நிற்கிறது.
பெட் கிடைத்துவிட்டதென்று ஃபோன் வர
செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்து போனவள்.
ஒரு மாதம் கழித்துத் தம்பி வந்தான்,
பெட்டியை எடுத்தான், பாக்கியைக் கொடுத்தான்.
நான் கேட்கவில்லை.
இந்தச் சந்தில் அதைக் கேட்பதில்லை.

“இன்னாத்துக்குண்ணா அத மட்டும் வச்சினுகீறீங்க?
எட்டாம் ரூம் புள்ள
கார்ட்டூனுக்கு எடமில்லன்னு அழுவுது.”
அழுதது நிஜம்.
என் வட்டத்தை நீக்கினேன்.
நான் பார்த்ததெல்லாம் போயிற்று;
என்ன பார்த்தேன் என்று
அதற்குப் பிறகு யோசித்தும் வரவில்லை.

போன செவ்வாய், தெரியாத எண்.
“தயாளன் தாதா, நான்தான் சுபர்ணா.”
எனக்குச் சந்து வங்காளம் தெரியும்:
வாடகை, வெந்நீர், ரிப்போர்ட், ரத்தம்.
அவளுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டது.
வீட்டில் புது டிவியாம்.
தொடர் முதலிலிருந்தே ஓடுகிறதாம்.
எங்கே விட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியதே இல்லை.
ஆறு, இருபத்தொன்பது என்றேன்.
ஊதுபத்தி கொளுத்தாத குறையாக
ஏழு மாதம் காத்த எண்.
அவளோ பின்னால் குக்கர் விசில் அடிக்க,
யாரையோ திட்டிக்கொண்டே,
“கொலைகாரன் யாருன்னு சொல்லிடாதீங்க!” என்றாள்.
எனக்கெப்படித் தெரியும்?
தொட்டால் கோடு நகர்ந்துவிடுமென்று
நான் அதைத் திறந்ததே இல்லை.

அன்றைக்கே நரியை நீக்கினேன்.
உறுதியா என்றதற்கு
வாய்விட்டே சொன்னேன், உறுதி.
நவநீதம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எட்டாம் அறைப் பையன் அதற்குள்
தன் பாண்டாவை நரியாக மாற்றிக்கொண்டான்.

இடம் ஒன்று காலி.
எனக்கே போடலாமென்று உட்கார்ந்தேன்.
பெயர் கேட்டது, கொடுத்தேன்.
படம் கேட்டது, கையில் பட்டது ஏதோ.
உங்களுக்குப் பிடித்த மூன்றைச்
சொல்லுங்கள் என்றது.

ஒன்றுகூட எடுக்கவில்லை.
வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம்.