நூற்றுக்கு எழுபது

மாலை ஐந்தரைக்கு மழைமானியைக் கவிழ்த்தேன்.
பதினொரு மில்லிமீற்றர்;
தேத்தண்ணிக்குக் காணாது.
கொழும்பு அனுப்பிய படத்தில் மட்டும்
திருகோணமலைக்கு மேலே
ஊதா நிறம் கசிந்துகொண்டிருந்தது.
நாளை இரவு இருநூறுக்கு மேல்.
நிகழ்தகவு நூற்றுக்கு எழுபது.

எச்சரிக்கை முதலில் சிங்களத்தில் வந்தது,
பிறகு இங்கிலீசில்.
தமிழில் வந்தபோது மணி ஒன்பதரை.
அதிலும் தாழ்நில மக்கள் என்பது
தாழ்ந்த மக்கள் என்று விழுந்திருந்தது.
திருத்தினேன்.
திருத்தும்போது கை ஒருகணம் நின்றது.

வெருகலில் ஆற்றோரம் நாற்பத்திமூன்று வீடு.
பட்டியலில் கடைசி இலக்கம் யோகமலருடையது.
காலையில் அழைத்தால்
அடகுக்கடைக்காரர் எடுக்கிறார்:
"போன் இஞ்சதான் தம்பி, சிம்மோட.
ஆள் வட்டி கட்ட வெள்ளிக்கிழமை வரும்."

ஜீ.எஸ். மோட்டார் சைக்கிளில் போய்
தன் போனை அவள் கையில் கொடுத்தார்.
"எழுபது எண்டா, முப்பது வராதுதானே?"
விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.
"சம்பூரில இருக்கேக்கையும் வெளிக்கிடச் சொல்லிச்சினம்,
ரெண்டு நாளைக்கு எண்டு.
திரும்பிப் போக ஒன்பது வருசம்.
போய்ப் பார்த்தா
எங்கட கிணத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி."

அது மழை இல்லை என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
என் கணிப்பில் காற்றழுத்தம் உண்டு,
கடலின் சூடு உண்டு,
மகாவலியில் மேலே திறக்கிற கதவுகளும் உண்டு.
ஒன்பது வருசத்தைப் போட
ஒரு கட்டமும் இல்லை.

"சரி, பள்ளிக்கூடத்தில ஆட்டுக்கு இடமிருக்கோ?"

தெரியாது.
பிரதேச செயலகத்துக்கு எடுத்தேன்,
அவர்கள் வலயத்துக்கு எடுக்கச் சொன்னார்கள்,
வலயத்தில் மதியச் சாப்பாடு.
நாலரைக்கு அதிபர் சொன்னார்:
சைக்கிள் கொட்டிலில் கட்டட்டும்,
புழுக்கையை அவளே கூட்ட வேணும்.
ஆறு ஆட்டோடு அவள் வந்தாள்.
அவள் வந்ததால் பக்கத்து வளவுகளும் வந்தன.

இரவு முழுக்க யன்னலோரம் இருந்தேன்.
ஊதா கடலிலேயே நழுவி
வடக்கே போயிற்று.
விடிய மழைமானியில் மூன்று.
இனி என்னை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன்.
மழை வரவில்லையே என்று
ஒரு கணம், வெட்கமில்லாமல்,
வருத்தமும் பட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த இலக்கம் அடித்தது.
யோகமலர்தான்; போனை மீட்டுவிட்டாள்.
ஏச்சுக்குத் தயாரானேன்.
"ரெண்டு ஆட்டுக்குத் தடிமன்.
கொட்டிலுக்கு ஒரு பக்கம் மறைப்பில்ல.
அடுத்த தரம்
அதைப் பார்த்துப்போட்டு எடுங்கோ."

அடுத்த தரம் என்றாள்.