நாலு பத்து

ஓசூர் பேருந்து நிலையத்தில்
நேரக் காப்பாளர் அறை என்பது
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
மழை வந்தால் நாற்காலியை நகர்த்திப் போட ஒரு மூலை.
பதினோரு வருடமாக
வண்டிகளைக் கிளப்பிவிடுவது என் வேலை.
ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியும்.
எதைப் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று
யோசித்ததில்லை.

அஞ்செட்டி வண்டி நாலு பத்துக்கு.
மூணு ஐம்பத்தைந்துக்கே
நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கிரீஸ் போகாத நகம்,
ஒன்பது பெண்கள் ஓடி வருவார்கள்.
ஐ.டி.ஐ. பிள்ளைகள்.
கடைசி வரிசை அவர்களுடையது.
கண்டக்டர்கூட அங்கே வேறு ஆளை உட்காரச் சொல்வதில்லை.

ஒருநாள் நாகவேணி மட்டும்
ஓடாமல் வந்தாள்.
வண்டி போயிருந்தது.
என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
பாதி கன்னடத்தில் சொன்னாள்.
சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ.
மதிப்பெண் நன்றாக இருக்கிறதே என்றார்களாம்.
ஒரு பலகையை முன்னால் வைத்து
இந்த சென்சாரை இணை, மோட்டாரை நிறுத்திக் காட்டு
என்றார்களாம்.
பழுப்பு, நீலம், கறுப்பு,
மூன்று வயர் நுனிகளையும் பார்த்தபடி நின்று
"அந்தப் பாடம்
பஸ் போன பிறகு நடக்கும் சார்"
என்றிருக்கிறாள்.
அவர்கள் சிரித்தார்களாம்.
இவளும் கொஞ்சம் சிரித்துவைத்தாளாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
ஐ.டி.ஐ.க்கு நடந்தே போனேன்.
பயிற்றுநர் சின்னப்பையன்
வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
கடைசிப் பாடவேளைக் கட்டத்தில்
ஒன்பது பெயருக்கு நேராகப் பென்சில் புள்ளி.
"ஆப்சென்ட் போட்டா எண்பது சதவீதம் வராது.
பிரசன்ட் போட்டா பொய்.
அதான் புள்ளி."
புது மெஷின் ஒன்றே ஒன்று.
காலையில் சீனியர்கள் தொடுவார்கள்.
இவர்கள் முறை நாலு மணிக்கு.

ஆள் கிடைக்கவில்லை என்று
கம்பெனி அரசுக்கு எழுதுகிறது.
ஏன் வேலை கிடைக்கவில்லை என்று
அரசு ஐ.டி.ஐ.யைக் கேட்கிறது.
ஏன் சீக்கிரம் போகிறார்கள் என்று
ஐ.டி.ஐ. வீட்டுக்குக் கடிதம் போடுகிறது.
வீட்டில்
பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறார்கள்.
எனக்கு யாரும் எழுதவில்லை.
நாலு பத்து என் கையெழுத்தில் இருக்கிறது.

நாலு ஐம்பது ஆக்கலாம் என்றேன்.
டிரைவர் திம்மராயன் சாவியை மேசையில் வைத்தார்:
"இருட்டினா காட்டு ரோட்டுல யானை நிக்கும்.
அதுக்கு யாரு டைம் போடறது?"
நியாயம்தான்.
ரோஜாக் கூடைக்கார அம்மா
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்,
விரல் அகலம்.
மூன்று வயரின் நிறங்களை எழுதலாமா என்று
பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.
'பயணிகள் நலன்' என்றே எழுதினேன்.

மூன்று மாதச் சோதனை என்று உத்தரவு வந்தது.
முதல் வாரமே யானை.
விளக்கணைத்து ஒரு மணி நேரம் நின்ற வண்டிக்குள்
எந்த நிறம் எங்கே என்று
ஒன்பது பேரும் கிசுகிசுவென ஒப்பித்தார்களாம்.
மறுநாள் திம்மராயன் கேட்டார்:
"பழுப்புதான் பிளஸ்ஸா சார்?"

ஏழு பேருக்கு வேலை கிடைத்தது.
ஒருத்திக்குக் கல்யாணம்.
ஒருத்தி மறுபடி எழுதுகிறாள்.
நாகவேணிக்கு இரண்டாவது ஷிப்ட்,
முடிய இரவு பதினொன்று.
கம்பெனி பஸ் தேன்கனிக்கோட்டை வரைதான்.
அங்கிருந்து அஞ்செட்டிக்கு
என்னிடம் வண்டி இல்லை.
ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.
சம்பளத்தில் எவ்வளவு அதற்குப் போகிறது என்று கேட்டேன்.
சொல்லவில்லை.

நாலு ஐம்பது கிளம்பிவிட்டது.
கடைசி வரிசையில் புதுப் பிள்ளைகள்.
என் கால அட்டவணையில்
இரவு பதினொன்றுக்கு நேரான கட்டம் காலி.
அதில் பென்சிலால்
ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.