பதினேழாம் நம்பர் விளக்கு

ஆழியாறு செக்போஸ்டில் பையைத் திறந்து காட்டினேன்.
ஒரு மல்டிமீட்டர், ரெண்டு சிம் கார்டு,
சிவப்பு பல்பு நாலு, தயிர்சாதம்.
"மேல கரண்ட் இருக்குதுங்களே" என்றார் கார்டு.
இது வேற விளக்குங்,
ஆனை வந்தா எரியறது.

நாற்பது கொண்டை ஊசி.
ஒன்பதாவதில் பஸ் மூச்சு வாங்க நின்றபோது
பாறை விளிம்பிலிருந்து ஒரு வரையாடு
எங்கள் டயரைப் பார்த்தது,
பொள்ளாச்சிச் சந்தையில்
வாங்க மாட்டான் என்று தெரிந்த ஆளைப் பார்க்கும்
மாட்டுத் தரகர் மாதிரி.
பதினாலில் பின்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
யாரோ கொடுத்த எலுமிச்சை கைமாறிக் கைமாறி
இருபத்திரண்டில் என்னிடம் வந்தது.
முகர்ந்துவிட்டு முன்னால் கொடுத்தேன்.
அட்டகட்டி தாண்டியதும் காது அடைத்தது.

மஞ்சக்குழி எஸ்டேட்.
தேயிலை செடி என்றே நினைத்திருந்தேன்.
மரமாம்.
நூறு வருஷமாய் இடுப்புக்கு மேல் விடாமல்
வெட்டி வைத்திருக்கிற மரம்.
ஓடையோரம் மிச்சம் விட்ட சோலையில் மட்டும்
மரங்கள் அவையவை உயரத்துக்கு நின்றன.
அங்கிருந்து ஓர் இருவாச்சி கிளம்பி
தலைக்கு மேலே போனது.
மூடின மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தம்.

ரேஷன் கடைச் சுவரில் போன வாரத்து ஓட்டை,
சாக்கு தைத்து மூடியிருந்தது.
அரிசியைத் தின்றதாம்,
பருப்பைத் தொடவே இல்லையாம்.

பதினேழாம் கம்பம்
புத்னி ஓராவ் வீட்டு வாசலுக்கு நேரே.
யானை தெரிந்தால் விளக்குக்கு ஃபோன் போடுகிற பொறுப்பு
அந்த லைனில் அவளுக்கு.
"வாங்க, டீ சாப்பிடுங்க" என்றாள்,
சொல்லில் பாதி கொங்கு, பாதி வேறெங்கோ.
என் கணுக்காலில் ஓர் அட்டை இருப்பதை
என்னைவிட முன்னால் கண்டு
உப்பு வைத்தாள்.

"எங்க ஊர்லயும் இதே செடிங்க,
அலிப்பூர்துவார் பக்கம்.
இதே ஆனை.
பின்னால மலை மட்டும் வெள்ளை.
மொதல்ல சம்பளம் நின்னுச்சு,
அப்பறம் சங்கு நின்னுச்சு.
மூணு நாள் ரயிலுங்க.
கோயமுத்தூர்ல எறங்குனா ஒரே வெயிலு,
தோட்டம் எங்கேன்னு கேட்டேன்,
வானத்தக் காட்டுனாங்க."

சிம் மாற்றினேன், பல்பு மாற்றினேன்.
கடைசி பஸ் போய்விட்டிருந்தது.
ஃபேக்டரி திண்டில், இலை வாடுகிற வாசனைக்குள்
படுத்துக் கிடந்தேன்.

ஒரு மணிக்கு மேல்
மழையெல்லாம் சிவப்பாகப் பெய்தது.

முதலில் எதுவும் தெரியவில்லை.
பலாமரத்தில் ஒரு கிளை முறிந்தது.
பிறகு இருட்டிலிருந்து
கொஞ்சம் இருட்டு பிரிந்து நடந்தது.
தேயிலை வரிசைக்கு நடுவே,
கிள்ளுகிறவர்கள் நடக்கிற அதே தடத்தில்
ஒன்றன்பின் ஒன்றாய்.
குட்டி மட்டும் நின்று
என் விளக்கை அண்ணாந்து பார்த்தது.
பின்னால் வந்தது அதன் புட்டத்தில் ஒரு தட்டு தட்டியது.

ஜன்னலுக்குள் புத்னி
தமிழில்லாத எதையோ முணுமுணுத்தாள்.

காலையில் கேட்டேன்,
சாமி கும்பிட்டீங்களா என்று.
சிரித்தாள்.
"எண்ணுனேனுங்க.
கிலோ போடறப்பவும் இப்படித்தான்.
எல்லாம் தமிழ்ல வந்துருச்சு,
எண்ணறது மட்டும் வரமாட்டேங்குது."

நோட்டில் எழுதினேன்:
பதினேழு, சரியாக உள்ளது.

இறங்கும்போது வளைவுகளை எண்ண ஆரம்பித்து
முப்பதில் தூங்கிவிட்டேன்.

கணபதியில் வீடு.
அடுத்த வாரம் ஒரு ராத்திரி
ஒன்றரைக்கு ஃபோன் சிணுங்கியது.
பதினேழு, ஆன்.
"இந்நேரத்துல யாருங்க?" என்றாள் சம்சாரம்.
ஆனை என்றால் தூக்கம் கெடும்.
ஒறம்பரை என்றேன்.
"எத்தன பேரு? அரிசி போடட்டுங்களா?"
பாதித் தூக்கத்தில் கொண்டையை முடிந்துகொண்டு
எழுந்தேவிட்டாள்.