இருபத்து நான்கு மணித்தியாலம்

நெஞ்சில் ஐந்து வயர்,
இடுப்பில் தீப்பெட்டியளவு மெஷின்.
"படபடத்தால் நேரத்தையும் செய்த வேலையையும் எழுதுங்கோ"
தனக்கு வந்த தமிழில் சொல்லி
ஒரு கொப்பி தந்தாள் நிலூகா.

துள்ளுகிற நெஞ்சை அடக்கத்தான் குளிசை.
இப்போது குளிசையே குழப்புதோ என்று
டொக்டருக்குச் சந்தேகம்:
காவலாளியின் பையை
வாசலில் மறித்துச் சோதிப்பதுபோல.

10.20. புறக்கோட்டை, கடையின் மூன்றாம் மாடிப் படி. ஒன்றுமில்லை.
1.05. முதலாளி கத்தினார். படபடத்தது அவருக்கு.
6.40. வெள்ளவத்தை. கோச்சி போனது,
யன்னல் நடுங்கியது, நானும்.
எது முதலில் என்று தெரியாது.
9.00. குளிசை. பாதி.
காலை 6.10. தேத்தண்ணியில் சீனி இல்லை. நான் சொல்லவில்லை.

நிலூகா திரையில் விரல் வைத்தாள்.
அதிகாலை மூன்று பதினேழு.
கோடு நிமிரவே இல்லை, நாலு செக்கன்.
"அப்ப என்ன செய்தீங்க?"
நித்திரை.

கொப்பியைப் புரட்டினாள்.
ஒன்பது மணிக்குக் கீழே
என் எழுத்தில்லை,
தவநிதியின் சரிந்த எழுத்து:

மூன்றேகால் இருக்கும். ஏனோ முழிப்பு வந்தது.
நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.
வயர் குத்தியது.
பிறகு
இருந்தார்.