ஒரே பயனர்

பகலில் எழுதும் நிரல் வங்கிக்குச் சொந்தம்.
இரவு பத்தரைக்குப் பிறகு எழுதுவது
யாருக்கும் வேண்டாம்,
அதனால் எனக்கு.

'அரைகுறை' என்று ஒரு கோப்புறை.
உள்ளே பதினேழு தொடக்கங்கள்.
கோப்பிக்கடையில் காலி மேசை தேடும் செயலி
மேசைமேல் ஆளில்லாமல் அமர்ந்திருந்த
டிஷ்யூ பாக்கெட்டைக் கண்டு திணறிப்போனது.
தமிழ்ப் பெயர்களை அடுக்கச் சொன்னால்
னகரம் முண்டியடித்துப் பகரத்துக்கு முன்னே நின்றது.
கடைசி எழுத்துக்கு அப்படியென்ன அவசரம்?
இன்னும் சரிசெய்யவில்லை.

பிராஸ் பாசாவில் ஆறு வெள்ளிக்கு வாங்கிய
அல்காரிதப் புத்தகம்
முன்பு கோ வெய் ஜியே என்பவருடையது.
ஓரமெல்லாம் அவருடைய பென்சில் கேள்விக்குறிகள்.
நூற்று நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டன.
வேலை மாறினாரோ, பிள்ளை பிறந்ததோ.
அதற்குமேல் தனியாகத்தான் போகிறேன்.

ரயிலில் பார்ப்பது ஒரு பழைய வகுப்பறைப் பதிவு.
பின்வரிசையில் யாரோ கேட்டது
ஒலிவாங்கிக்கு எட்டவில்லை.
"நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப்
பலகை நிறைய விடை எழுதுகிறார் பேராசிரியர்.
அந்த விடைக்கு என்ன கேள்வியென்று
நான்கு மாதம் தேடினேன்.
கற்றதில் பாதி அந்தத் தேடலில்தான்.

முடித்தது ஒன்றே ஒன்று:
மழை வருமுன்
'துணியை எடு' என்று சொல்லும் செயலி.
அங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலும் எதிர் புளோக்கிலும்
மின்தூக்கிப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினேன்.
மறுநாளே கிழித்துவிட்டார்கள்.
ஓராண்டு கழித்துப் பயனர் எண்ணிக்கை: ஒன்று.
நானாக இருக்குமோ என்று
என் கைபேசியிலிருந்து அழித்துப் பார்த்தேன்.
ஒன்று.

"மாதம் ஏழு வெள்ளி எதுக்குக் கட்டுறே?"
துவாரகா கேட்டபோது பதில் இல்லை.

நேற்று எனக்கு விடுப்பு.
மதியம் இரண்டே கால், பொட்டு மேகமில்லை.
எங்கோ ஒரு கழித்தலில் பிழை.
நான்கு நிமிடத்தில் கனமழை என்று
அடித்துச் சொன்னது செயலி.

எதிர் புளோக்கின் ஒன்பதாம் மாடியில்
ஒரு கை வெளியே வந்தது.
மூங்கில் கழிகளை உள்ளே இழுத்தது,
ஒன்று, இரண்டு,
பள்ளிச் சீருடைகளோடு மூன்றாவது.

சன்னல் திரைக்குப் பின்னால்
திருடனைப்போல் நின்றேன்.

வெயில் அப்படியே இருந்தது.
பத்து நிமிடம் பொறுத்து
அதே கை மூன்றையும் திரும்ப நீட்டியது,
செயலியை அழிக்காமல்.

மன்னிப்புக் கேட்க
அதில் ஒரு பொத்தான் இல்லை.
இன்றிரவு எழுத வேண்டும்.